வான் பிடிக்காமல் நெடுந்தீவு: பஸ்ஸும் படகும் சைக்கிளும்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினால் இரண்டாம் நாளே வரும் கேள்வி: "நெடுந்தீவு பார்க்க வேணும், ஒரு வான் பிடிச்சுத் தாறீங்களோ?" வான் எங்கே போகும்? புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் படகுத்துறை வரைக்கும் போகும், அதற்கங்கால் கடல். நீங்கள் தீவைச் சுற்றும் நேரம் முழுக்க அந்த வான் இறங்குதுறை வெயிலில் நிற்கும், சாரதி சீற்றைச் சரித்துவிட்டு நித்திரை கொள்வார், அந்த நித்திரைக்கும் சேர்த்துத்தான் வாடகை. ஏசி வேண்டும், நடக்க ஏலாத வயதான ஆட்கள் கூட வருகிறார்கள் என்றால் சரி, பிடியுங்கள். மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது பஸ்தான்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 என்று கேட்டால் காட்டுவார்கள். அரசாங்க பஸ்ஸும் இருக்கிறது, தனியார் பஸ்ஸும் இருக்கிறது. விடியவே போய்விட வேண்டும், ஏனென்றால் காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் போனதுதான். குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், இடையில் எத்தனை பேர் கையைக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, முழங்கால் தண்ணீரில் வரிசையாக நட்ட தடிகளில் சிறகுவலை, தடி நுனிகளில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகங்கள். அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு நீண்ட தாம்போதியைக் கடந்து புங்குடுதீவு. அங்கே கூரை போன வீடுகளும், வாசலை மூடி ஆலங்கன்று முளைத்த வளவுகளும், அவற்றுக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டுக் காசில் புதுவர்ணம் அடித்த கோயில்களும் ஜன்னலோரம் ஓடும். ஏசி வானில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்தவர்கள் பார்த்ததாகவே சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் எனக்கு ஒரே குறை பாட்டுச் சத்தம்தான். காலை ஆறரைக்கு அவ்வளவு சத்தம் யாருக்கும் தேவையில்லை.

இனிப் படகு. இந்த நாளின் பலவீனமான கண்ணி இதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கூடவும் செய்யும். அரசாங்கச் சேவையும் உண்டு, தனியார் படகுகளும் உண்டு, எது முதலில் வெளிக்கிடுகிறதோ அதில் ஏறுவதுதான் வழக்கம். நான் கடைசியாகப் போன படகில் குனிந்து கீழ்த்தட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது, உள்ளே டீசல் மணம், இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது, நடுவில் சீமெந்துப் பைகள், கோழித்தீவன மூட்டைகள், காஸ் சிலிண்டர்கள், ஒருவருடைய காலடியில் கயிறு கட்டிய இரண்டு சேவல்கள். சுற்றுலாப் படகு என்று நினைத்து ஏறியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அது சுற்றுலாப் படகு இல்லை. அந்தத் தீவின் அரிசியும் மருந்தும் ஆசிரியர்களும் போவது அதில்தான், நாங்கள்தான் மிச்ச இடத்தில் போகிறோம். எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்தில். உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் கட்டாகக் கிடந்தன, கேட்டவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள், பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிப் போட்டுவிடுங்கள். வாந்தி வரும் ஆட்கள் வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், பணிஸ் ஒன்றாவது கடித்துவிட்டு ஏறுங்கள்.

தீவில் இறங்கியதும் படகு நேரம் எழுதிய பலகையைப் பார்க்காதீர்கள், படகில் வேலை செய்யும் ஆளிடம் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். பலகை ஒன்று சொல்லும், கடல் ஒன்று சொல்லும். பின்னேரம் வெள்ளனவே போய்விடுகிற நாள்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் தீவில் உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம், அவ்வளவுதான். துறைக்குப் பக்கத்தில் குமுதினிப் படகு நினைவுத்தூபி இருக்கிறது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினியில் பயணிகளை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். அதே கடலைக் கடந்துதான் வந்திருக்கிறீர்கள், ஓட்டோக்காரர் கூப்பிடுகிறார் என்று ஓடாமல் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள்.

ஓட்டோக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் எல்லோரிடமும் ஒரே சுற்று இருக்கிறது: கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம், வளரும் கல், பாறையில் பதிந்த பெரிய பாதம், குதிரை. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம், போட்டோ, "ஏறுங்கோ அக்கா, நேரம் போகுது." பாதமும் வளரும் கல்லும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கல் வளர்ந்ததை நேரில் பார்த்தவர் யாருமில்லை, சுற்றிக் கம்பி போட்டிருப்பதைத்தான் பார்க்கலாம். அதனால் என் பரிந்துரை சைக்கிள். துறைப் பக்கம் விசாரித்தால் வாடகைக்குக் கிடைக்கும், தீவு தட்டையானது, ஏற்றம் என்ற பேச்சே இல்லை. பிரேக்கையும் சீற்றையும் மட்டும் பார்த்து வாங்குங்கள். தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், முழுவதையும் மிதித்து முடிக்க ஏலாது, முடிக்கவும் தேவையில்லை. பாதியை விட்டுவிடுங்கள்.

சைக்கிளில் போனால்தான் வேலிகள் கண்ணில் படும். யாழ்ப்பாணத்தில் கிடுகிலும் பனையோலையிலும் அடைக்கிற வேலியை இங்கே முருகைக்கல்லில் அடுக்கியிருக்கிறார்கள். சாந்து கிடையாது, சீமெந்து கிடையாது, சும்மா ஒன்றின் மேல் ஒன்று, இடுப்புயரத்துக்கு. கிட்டப் போய்ப் பாருங்கள், கல்லுக்குள் பழைய பவளத்தின் கோடுகள் விரல் ரேகை மாதிரி அப்படியே தெரியும், வெயிலில் கறுத்த மேற்பக்கத்தைப் புரட்டினால் உள்ளே வெள்ளை. அந்த ஒழுங்கைகளில் ஓட்டோ நிற்பதே இல்லை. நான் நெடுந்தீவுக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்த வேலிகளுக்காகத்தான். புறாக்கூடும் இதே முருகைக்கல்லில், ஒல்லாந்தர் காலத்துத் தூதுப் புறாக்களுக்கென்று சொல்லப்படுவது, சுவர் முழுக்கப் பொந்துகள். பெருக்குமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம், ஆபிரிக்க மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். உள்ளே பெயர் செதுக்கிவிட்டுப் போன காதலர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

குதிரைகளை ஓட்டோக்காரர் உறுதியாகக் காட்டுவார், சைக்கிளில் போனால் அதிர்ஷ்டம் வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்து பிறகு காட்டில் விடப்பட்டவற்றின் வழி வந்தவை, உயரம் குறைந்தவை. மாரி முடிந்த கையோடு போனால் பச்சை வெளியில் குட்டிகளோடு வடிவாக மேயும். ஆவணி, புரட்டாதி வறட்சியில் போனால் விலா எலும்பை எண்ணலாம், தண்ணீர் இல்லாமல் செத்துப்போகிற வருஷங்களும் உண்டு. மனம் தாங்காதவர்கள் தை, மாசியில் போங்கள். எப்போது போனாலும் குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், இங்கே பல கிணறுகள் உவர்.

சாப்பாடு விஷயத்தில் ஒரே ஒரு விதி: இறங்கிய உடனே கடையில் சொல்லிவிட வேண்டும். ஆள் கணக்குக்குத்தான் சமைப்பார்கள், பன்னிரண்டரைக்குப் போய்க் கேட்டால் பிளேன் ரீயும் பணிசும்தான். முன்கூட்டிச் சொன்னால் சோறும், அன்று பிடித்த மீனில் குழம்பும், பொரியலும் வரும். நான் சாப்பிட்ட இடத்தில் மேசையில் பழைய நாட்காட்டித் தாளை விரித்திருந்தார்கள், குழம்புக்கு இந்தத் தீவுத் தேங்காய் போதாது என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார், குழம்பில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நயினாதீவையும் ஒரே நாளில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேர்க்காதீர்கள். அதே குறிகட்டுவான் துறை, இருபது நிமிஷப் படகு, அடிக்கடி ஓடும், அதனால் அது தனி அரை நாளுக்கான பயணம். நாகபூசணி அம்மன் கோயில், நடந்து போகும் தூரத்தில் நாகவிகாரை, மத்தியானம் அமுதசுரபி மடத்தில் அன்னதானம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று நம்பும் ஊரில் வேறு சாப்பாட்டுக் கடை தேடுவானேன். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், கழற்ற இலகுவான சட்டையாகப் போட்டுப் போங்கள்.

செலவைப் பார்த்தால் பஸ், படகு, சைக்கிள், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் வானுக்குச் சொன்ன விலையின் கிட்டவே வராது, சில்லறையாக மட்டும் வைத்திருங்கள், ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துனரிடம் திட்டு வாங்குவீர்கள். திரும்பி வரும்போது படகு கரை தட்டியதும் நிதானமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், பஸ் பெரும்பாலும் படகைப் பார்த்துத்தான் நிற்கும், ஆனால் சீற் நிரம்ப இரண்டு நிமிஷம்கூட எடுக்காது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும் ஆனி மாத நயினாதீவுத் திருவிழா நாள்களையும் தவிருங்கள். அந்த நாள்களில் குறிகட்டுவானில் நயினாதீவு வரிசை எது, நெடுந்தீவு வரிசை எது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே படகு போய்விடும்.