அறுப்பு கோணினால் பாரையும் கழற்றிப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை. நடுவில் நிழலுக்கு சில்வர் ஓக், ஓரத்தில் நாலைந்து கற்பூர மரம். மழைக்கு முன் கிளை கழிக்கவும், காற்றில் விழுந்ததைத் துண்டு போடவும் 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட 58 சிசி செயின் சாவை, அதாவது மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தை, நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். (நிற்கிற மரத்தை வெட்டுவது வேறு கதை. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும்.) இன்ஜின் பற்றி ஒரு குறையும் இல்லை. அலைக்கழித்தது பார்தான்.

இரண்டாம் வருடம் அறுப்பு நேராக இறங்காமல் பிறை மாதிரி வளைய ஆரம்பித்தது. அரம் போட்டேன், புதுச் செயினும் வாங்கினேன். அதே கோணல். பக்கத்துத் தோட்டத்தில் கிளை கழிக்க வந்த அண்ணன் ஒருவர், "செயினை விடு தம்பி, பாரைக் கழட்டு" என்றார்.

பாரை ஒரு கண்ணாடி மேல் நிமிர்த்தி வைத்ததும் தெரிந்துவிட்டது: செயின் ஓடும் பள்ளமான காடியின் இரண்டு கரைகளில் ஒன்று தேய்ந்து தாழ்ந்திருந்தது. விளிம்பில் பிசிறு, விரலை இழுத்தால் கிழிக்கும். அண்ணன் தட்டை அரத்தால் இரண்டையும் சமமாக்கினார். காரணம்? வலது பற்களுக்கு நான் அரத்தை அழுத்தி, இடதுக்கு ஏனோதானோ என்று போட்டிருக்கிறேன். பற்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தால் செயின் ஒரு பக்கம் இழுத்துக் கரையைத் தின்னும். பாரை மேல்கீழாகத் திருப்பிப் போட்டதே இல்லை என்பது இன்னொரு குற்றம்.

பிறகு புதுப் பார் வாங்கியதிலும் அடி. கடையில் கொடுத்ததில் காடியின் அகலம் 1.6 மில்லிமீட்டர், என் செயினுக்கு 1.5. மாட்டிப் பார்த்தால் பொருந்துகிற மாதிரியே இருக்கும், ஆனால் பல்லைப் பிடித்து ஆட்டினால் செயின் சாயும். பாரின் வால் பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்து வாங்குங்கள். என்னுடையதற்கு பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) 0.325 இஞ்ச், காடி 0.058 இஞ்ச், அதாவது 1.5 மில்லிமீட்டர், காடிக்குள் ஓடும் கண்ணி 72. மூன்றும் சேர வேண்டும்.

மாட்டும்போது முதலில் இன்ஜினை அணைத்து, செயின் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் கவரைக் கழற்ற வேண்டும். ஆயிலும் மரத்தூளும் களியாகிக் காடியை அடைத்திருக்கும், மெல்லிய தகட்டால் சுரண்டிவிடுங்கள். ஆயில் துளைக்கு ஒரு கம்பி. செயினின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் பின் பாரின் ஓட்டையில் உட்கார்ந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் நட்டை முறுக்கி ஒரு பின்னை உடைத்திருக்கிறேன். நட்டைக் கைமுறுக்கில் விட்டு, பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் வைத்து, தூக்கியபடியே இறுக்குங்கள். மூக்கைக் கீழே விட்டு இறுக்கினால் முதல் மரத்திலேயே செயின் தொங்கும். கையுறை போட்டு இழுத்தால் செயின் தடையில்லாமல் ஓட வேண்டும், அடியில் இடைவெளி தெரியக் கூடாது.

வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடுவேன். சூட்டில் நீண்ட செயின் ஆறியதும் சுருங்கும், எங்கள் டிசம்பர் உறைபனி இரவைக் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் பாரைத் திருப்பிப் போடுகிறேன். அதனால் பாதி நாள் கம்பெனி எழுத்து தலைகீழாகத்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணே, தப்பா மாட்டிட்டீங்க" என்கிறார்கள்.