உப்புக்காற்றுக்கு எந்த சிமெண்ட்: சாம்பலா, கசடா, நம் உமியா?

வேதாரண்யம் பக்கம் பழைய வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பாருங்கள். பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி தெரியும். உப்பு, கான்கிரீட்டின் நுண்துளை வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டிருக்கிறது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது வீங்கும்போது கான்கிரீட் பிளக்கிறது.

மேஸ்திரிகள் பலர் கேட்பது ஓபிசி 53 கிரேடு, அதாவது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட். சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்கலாம். ஆனால் இறுகும்போது மிச்சமாகும் சுண்ணாம்பு, வலுவுக்குப் பெரிதாக உதவாமல் உள்ளேயே தங்கிவிடும்.

அந்தச் சுண்ணாம்பைப் பயன்படுத்திக்கொள்வதுதான் பிபிசி என்ற சாம்பல் கலந்த சிமெண்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல். சாம்பலின் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகித் துளைகளை அடைக்கும். கும்பகோணம், மன்னார்குடி போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் வீடு கட்ட இது போதும். எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் என்றால் நான் ஸ்லாக் சிமெண்டைத்தான் சொல்வேன். இரும்பு ஊதுலையில் வழியும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து அரைத்த தூள் இதில் 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம். துளையைச் சிறிதாக்குவதோடு, அதன் அலுமினா, கம்பியைத் துருவேற்றும் உப்பின் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். கசடு பாதிக்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குறைந்தால் அந்தக் காப்பும் குறையும்.

உமிச்சாம்பலை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. நெல் விளையும் பூமி, ஊருக்கு ஊர் அரிசி ஆலை. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. சுமார் 700 டிகிரிக்கு மிகாமல் பக்குவமாக எரித்து நைசாக அரைத்தால் அருமையான சரக்கு. ஆலை பாய்லரில் அந்தப் பக்குவம் இருப்பதில்லை. கரி கலந்து வரும், கலவைத் தண்ணீரையும் உறிஞ்சும். சோதித்துப் பார்க்காமல் அந்தக் குவியலை வீட்டுத் தளத்தில் கலக்கவே கூடாது.

சாம்பலும் கசடும் மெதுவாக இறுகுபவை. மூன்றே நாளில் நனைப்பதை நிறுத்தினால் ஓபிசியைவிட மோசமாகிவிடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456-இன்படி ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள்; வறண்ட வெயில் காலத்தில் 14 நாள் நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். போர்வெல்லில் உவர்நீர் வந்தால் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். நல்ல தண்ணீர் லோடுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.