காரண்டு துப்பாக்கிக்கு எந்த வெடிமருந்து: 4895ஆ, 4350ஆ?

அமெரிக்க ராணுவம் 1936இல் ஏற்ற எம்1 காரண்டு தானியங்கித் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மருந்து எரியும் வேகத்தை. 4895 நடுத்தரம், ராணுவத்தின் எம்2 தோட்டாவிலும் போட்டதுதான். 4350 மெதுவாக எரியும். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்) வேட்டைத் துப்பாக்கிக்கு அருமை, சரி. ஆனால் காரண்டில், அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறியை இயக்க வாயுவை எடுக்கும் துளை இருப்பது குழல் முனைக்குப் பக்கத்தில். 4350 போட்டால், குண்டு அங்கே வரும்போதும் அழுத்தம் போதிய அளவு இறங்கியிருக்காது. அடி முழுக்க, போல்ட்டை (தோட்டா அறையை மூடும் பகுதி) பின்னுக்குத் தள்ளும் ஆபரேட்டிங் ராடில் விழும், அந்த நீளக் கம்பி வளைந்துவிடலாம். வாயுவின் அளவை மாற்றக்கூடிய கேஸ் பிளக் மாட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு; நான் 4895ஓடு நின்றுவிடுவேன், அதுவும் காரண்டுக்கென்றே அச்சிட்ட அட்டவணையின் அளவில். அப்புறம், எந்த மருந்தானாலும் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) துருத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். காரண்டில் பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போதே அது பிரைமரை லேசாகத் தட்டும்; பிரைமர் துருத்தியிருந்தால் தோட்டா அப்போதே வெடித்துவிடலாம்.