தண்டர்பேர்ட்: நன்கொடையில் நடக்கும் மின்னஞ்சல் மென்பொருள்

மூன்று நான்கு மின்னஞ்சல் கணக்குகளை ஒரே திரையில் கையாள வேண்டியவர்களுக்கும், பழைய கடிதங்களைத் தம் கணினியிலேயே சேமித்து வைக்க விரும்புபவர்களுக்கும், இலவசமாகக் கிடைப்பவற்றுள் தண்டர்பேர்டையே முதலில் பரிந்துரைப்பேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது இயங்குகிறது. விளம்பரம் கிடையாது. கடிதத்தைப் பெறுநர் மட்டுமே படிக்கும்படி பூட்டும் ஓப்பன்பிஜிபி மறையாக்கத்துக்கு, 2020இல் வெளியான 78ஆம் பதிப்பு வரிசை முதல், தனி நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எதுவும் தேவைப்படுவதில்லை.

குறைகளும் உண்டு. தேடல் முடிவுகள் அவ்வளவு துல்லியமாக வருவதில்லை. ஒரு கோப்புறையின் கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடுக்கும் பழைய முறையே இன்னும் இயல்பமைப்பாக இருப்பதால், அழித்த கடிதங்களின் இடம் கோப்புறையைச் சுருக்கும் (Compact) கட்டளையை இயக்கிய பிறகுதான் வட்டில் விடுபடுகிறது.

இத்தகைய பழைய சுமைகள் ஏன் இன்னும் தீரவில்லை என்பதற்கு இம்மென்பொருளின் பொருளாதாரமே விடை தருகிறது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த தண்டர்பேர்டில் புதிய வசதிகளுக்காக இனிப் பெரிதாகச் செலவிடப்போவதில்லை என்று அதை உருவாக்கிய மோசில்லா அமைப்பு 2012இல் அறிவித்தது. அதன்பின் பெரும்பாலும் தன்னார்வலர்களே அதைத் தாங்கினார்கள். மோசில்லாவின் உலாவியான பயர்பாக்ஸுக்கு, ஒரு தேடுபொறியை அதில் இயல்பாக அமைத்துத் தரும் ஒப்பந்தத்தின் வழியே பணம் வருகிறது. மின்னஞ்சல் மென்பொருளில் அப்படி விற்றுப் பணமாக்க அந்த அளவுக்கு வாய்ப்பில்லை. ஆனால் இரண்டும் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் கெக்கோ என்ற ஒரே நிரல் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டவை என்பதால், பயர்பாக்ஸ் குழு தன் தேவைக்காக ஒன்றை நீக்கினாலும் மாற்றினாலும், தண்டர்பேர்டின் சிறிய குழு தன் நிரலையும் திருத்தியே ஆக வேண்டும். பயனர் கண்ணுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது; உழைப்பு மட்டும் செலவாகியிருக்கும். பழைய நீட்சிகள் பல 78ஆம் பதிப்பில் செயலிழந்து பயனர்களின் கோபத்தைக் கிளப்பியதற்கும் இதுவே அடிப்படை.

2020 ஜனவரியில் மோசில்லாவின் துணை நிறுவனமான எம்இசட்எல்ஏ என்ற தனி நிறுவனத்தின் கீழ் தண்டர்பேர்ட் வந்தபின் நிலைமை மாறியது. 2022இல் சுமார் 64 லட்சம் டாலரும், 2023இல் சுமார் 86 லட்சம் டாலரும் பயனர்களின் நன்கொடையாக வந்தன. அதன் பலன் கண்கூடு: 2023இல் 115ஆம் பதிப்பில் முகப்பு புதுப்பிக்கப்பட்டது, கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு மின்னஞ்சல் செயலியை இணைத்துக்கொண்டு 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு பதிப்பும் வெளியானது. இடையிடையே நன்கொடை கேட்டுத் திறக்கும் பக்கத்தைச் சிலர் தொல்லை என்கிறார்கள். நம் கடிதங்களைப் படித்து விளம்பரம் விற்காத ஒரு மென்பொருள் வெளிப்படையாகக் கை நீட்டுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனாலும் நன்கொடை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கக்கூடியது. பராமரிப்புச் செலவு அப்படி இறங்குவதில்லை. கட்டணச் சேவைகளை அவர்கள் திட்டமிடுவது அதனால் நியாயமாகவே படுகிறது.

வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் தயங்காமல் நிறுவலாம். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற அலுவலக மின்னஞ்சல் சேவையகத்தைச் சார்ந்த அலுவலகங்கள் மட்டும் சற்றுப் பொறுப்பது நல்லது. 2025 நவம்பரில் வந்த 145ஆம் பதிப்பு எக்ஸ்சேஞ்சுக்குத் தந்த நேரடி ஆதரவு மின்னஞ்சலுக்கு மட்டுமே உரியது. நாள்காட்டியும் முகவரிப் புத்தகமும் அதில் அடங்கவில்லை.