எம்2-எஃப்1 பால்சா கிட்: வெட்டு நேர்த்தி, எடைக்குறி பிழை

நாசாவின் எம்2-எஃப்1 விமானத்தை அடியொற்றிய 32 செ.மீ. நீள, எந்திரமில்லாக் கிளைடரைக் கட்டுவதற்கான பால்சா (மிக லேசான மரம்) துண்டுகள் அடங்கிய கிட்டை இணையக் கடை ஒன்றில் 1,250 ரூபாய்க்கு வாங்கி, மூன்று வார மாலைகளில் கட்டி முடித்து, மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத் திடலில் பறக்கவிட்டேன். இறக்கையின்றி உடலின் வடிவத்தாலேயே தூக்குவிசை பெறுவதால் இவ்வகை விமானங்களுக்கு லிஃப்டிங் பாடி என்று பெயர். டேல் ரீட் என்ற பொறியாளர் சிறு மாதிரிகளைப் பறக்கவிட்டுக் காட்டிய பிறகே, ஒட்டுப்பலகையும் இரும்புக் குழாயும் கொண்ட அசல் உருவாகி, 1963இல் பான்டியாக் கார் ஒன்றால் வறண்ட ஏரிப்படுகையில் இழுத்துச் செல்லப்பட்டது. மாதிரி கட்டுவோருக்கு இந்த விமானத்தின் மேல் தனிப் பிரியம் இருப்பதற்கு அதுவே காரணம்.

துண்டுகள் லேசரில் அவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்ததால், உப்புத்தாளுக்கு வேலையே குறைவு. ஆனால் அரைக்கூம்பு வடிவ அடிப்பகுதியின் 1 மி.மீ. தகட்டை உலர்ந்தபடியே வளைக்கச் சொல்கிறது விளக்கத்தாள். அப்படிச் செய்தபோது முதல் தகடு நார்வாக்கில் பிளந்துவிட்டது. மற்றதை வெந்நீரில் நனைத்து, தண்ணீர் பாட்டிலைச் சுற்றித் துணியால் கட்டி ஓர் இரவு வைத்த பிறகு சொன்னபடி கேட்டது.

பெரிய குறை, மாதிரி முன்பின் சாயாமல் சமனாக நிற்க வேண்டிய புள்ளியைக் காட்டும், வரைபடத்திலுள்ள எடைச்சமன் குறி. அதை நம்பி எறிந்தபோதெல்லாம் மூக்கை உயர்த்தி, ஒரு கணம் நின்று, வாலடித்து விழுந்தது. நீண்ட இறக்கையுள்ள கிளைடர் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கட்டையான இந்த உடல் பொறுக்காது. எடைக்காக உடன் தந்த களிமண் போதாமல் மூக்கில் இரண்டு வாஷர்களை ஒட்டி, சமன்புள்ளியை 12 மி.மீ. முன்னே நகர்த்திய பிறகுதான், தோளுயரத்திலிருந்து எறிந்தால் நான்கு மீட்டர் தூரம் அசையாமல் இறங்கியது. தூரம் குறைவென்று கிட்டைக் குறை கூற முடியாது. அசல் விமானமே ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்று மீட்டர்கூட முன்னேறியதில்லை.

'யானைக் காது' என்று பொறியாளர்கள் அழைத்த பக்கவாட்டுத் துடுப்புகள் இரண்டும் தரையிறங்கும்போதெல்லாம் ஒட்டு விட்டன. உள்ளே ஈர்க்குச்சி வைத்து ஒட்டியபின் அந்தத் தொல்லை இல்லை. ஆடிக் காற்றில் இது புரண்டுவிடுமாதலால் விடியற்காலையே ஏற்ற பொழுது.

ஓரிரு கிளைடர் கட்டியவர்கள் தயங்காமல் வாங்கலாம்; முதன்முறை கட்டும் பிள்ளைகளுக்கு வேண்டாம். வாங்குவோர் மேல்தளத்தை ஒட்டுவதற்கு முன்பே மூக்கினுள் எடை வைக்க இடம் விட்டுக்கொள்ளுங்கள். நான் ஒட்டியதைப் பிளேடால் அறுத்துத் திறக்க வேண்டியதாயிற்று.