பீட்சா அடுப்பு: விறகா, எரிவாயுவா, மரத்துகளா?

சமையலறையில் இருக்கும் மின்சார அவன் பெரும்பாலும் 250 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணிப் பீட்சாவுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. 1984-ல் நேப்பிள்ஸில் தொடங்கப்பட்ட பீட்சா சங்கம், அடுப்பின் தளம் 380 முதல் 430 டிகிரி வரை காய்ந்திருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும் என்று வகுத்திருக்கிறது. 250 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் மாவின் ஈரம் வற்றி, ஓரம் வறட்டு ரொட்டியாகிவிடும். வெளியில் வைக்கும் அடுப்புக்குக் கொடுக்கும் பணம் இந்த வித்தியாசத்துக்குத்தான்.

செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டும் விறகடுப்பு அழகில் முதலிடம். வெப்பத்தைத் தேக்கி வைப்பதிலும் அதை அடிக்க ஆளில்லை. பீட்சா முடிந்த பிறகு அந்தச் சூட்டிலேயே ரொட்டி சுடலாம், இரவு முழுக்க இறைச்சியை வேகவிடலாம். ஆனால் அத்தனை கல்லும் சூடேற இரண்டு மணி நேரமாவது பிடிக்கும். நான்கு பேருக்கு நான்கு பீட்சா போட இவ்வளவு விறகை எரிப்பது வீண். விறகின் மணம் பீட்சாவில் ஏறும் என்பதையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஒன்றரை நிமிடத்தில் எவ்வளவு புகை ஏறிவிடும்? அந்த நேப்பிள்ஸ் சங்கமே பின்னாளில் எரிவாயு, மின் அடுப்புகள் சிலவற்றுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. தோட்டமும் நெருப்போடு உட்காரும் பொறுமையும் இருப்பவர்கள் கட்டிக்கொள்ளட்டும்.

மற்றவர்களுக்கு மேசையில் வைக்கும் சிறிய அடுப்பு. ஸ்காட்லாந்து நிறுவனமான ஊனி 2012-ல் கொண்டுவந்த முதல் அடுப்புதான் இந்தச் சந்தையைப் பெரிதாகத் திறந்துவிட்டது. அது எரித்தது மரத்துகளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை. விலை குறைவு, எடை குறைவு, வேகமாகவும் காயும். தொல்லை என்னவென்றால், பின்னாலிருக்கும் பெட்டியில் துகளை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் பீட்சா, பின்னால் நெருப்பு என்று இரண்டு பக்கமும் கண் வேண்டும். துகள் தீரும் நேரத்தில் பீட்சாவை உள்ளே விட்டால் அடி வெந்து மேலே பாலாடைக்கட்டி வெளுத்துக் கிடக்கும். மூன்றில் நான் கடைசியில் வைப்பது இதைத்தான்.

எரிவாயு அடுப்பில் குமிழைத் திருகினால் போதும். ஊனி கோடா 12 ஏறத்தாழ 9 கிலோ, காஸ்னி நிறுவனத்தின் ராக்பாக்ஸ் ஏறத்தாழ 20 கிலோ. கோடாவை ஒருவர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகலாம். ராக்பாக்ஸுக்குச் சுவர் தடிமன், அதனால் காற்றடித்தாலும் சூடு அவ்வளவு எளிதில் இறங்காது. காற்று வீசும் மொட்டை மாடிக்கு நான் அதைத்தான் சொல்வேன். இரண்டிலும் நெருப்பு பின்பக்கம் எழுந்து கூரையோடு நாக்கு நீட்டி வரும். அந்தப் பக்கத்து ஓரம் இருபது நொடியில் உப்பிக் கருக ஆரம்பிக்கும். உடனே கால் சுற்று திருப்பியாக வேண்டும். பீட்சாவை விடும் கணத்தில் தீயைக் குறைத்து, அடிப்பக்கம் சற்று இறுகிய பிறகு ஏற்றுவது நல்ல பழக்கம்.

ஓர் எச்சரிக்கை: ரெகுலேட்டரும் எரிவாயு வெளிவரும் துளையான ஜெட்டும் நாட்டுக்கு நாடு மாறும். வெளிநாட்டில் வாங்கி வந்த அடுப்பை வீட்டுச் சிலிண்டரில் அப்படியே மாட்டிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதால் இவை எதையும் வீட்டுக்குள்ளோ கண்ணாடி அடைத்த பால்கனியிலோ பற்ற வைக்கவும் கூடாது.

அடுப்பைவிட அதனுள் இருக்கும் கல்லைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் வருவது கார்டியரைட் என்னும் பீங்கான் வகைக் கல். சூடேறினாலும் குறைவாகவே விரிவதால் எளிதில் வெடிக்காது. எஃகுத் தகடு வெப்பத்தை அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். 250 டிகிரி அவனில் அது வரம், 430 டிகிரியில் சாபம். மேல்பக்கம் வேகும் முன்பே அடி கரியாகிவிடும். இதற்கு நேர் எதிர் இத்தாலியின் பிஸ்கோட்டோ என்னும் சுட்ட களிமண் பலகை. வெப்பத்தை மெதுவாக விடுவதால் 450 டிகிரியிலும் அடி தீயாது. விலைதான் கடி. கார்டியரைட்டை வைத்துக்கொண்டு, தளம் 400 டிகிரிக்குள் இருக்கும்போது பீட்சாவை விட்டாலே பாதி வித்தியாசம் போய்விடும். அதற்குக் கல்லைத் தொடாமலே அதன் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் அவசியம். அடுப்போடு வரும் வெப்பமானி பல நேரம் காட்டுவது உள்ளிருக்கும் காற்றின் சூட்டை, கல்லின் சூட்டை அல்ல.

பீட்சாவை உள்ளே விடத் தட்டையான மரத் துடுப்பு, திருப்பவும் எடுக்கவும் சிறிய வட்ட உலோகத் துடுப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் துளையிட்ட அலுமினியம். கூடுதல் மாவு துளை வழியே உதிர்ந்துவிடும். மாவு ஒட்டாமலிருக்க அடியில் தூவ மைதாவைவிட ரவை மேல், அதுவும் ஒரு சிட்டிகைதான். மிச்சம் கல்லில் கருகிக் கிடக்கும். அடுத்த பீட்சாவுக்கு முன் பித்தளைத் தூரிகையால் தள்ளிவிடாவிட்டால் அந்தக் கசப்பு அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வரும்.