கால் நகம் உரியுதா? மாலில் கூப்பிட்டு விற்பவர்களிடம் 2,400 ரேண்ட் கொடுத்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டர்பன் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் எல்லாரும் இதைப் படியுங்கள், வீட்டில் வயசானவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்கள். 2,400 ரேண்ட் போச்சு, நகமும் போச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு இரண்டு பெருவிரல் நகமும் நுனியில் அடுக்கடுக்காக உரியும், சாக்ஸில் மாட்டும். வேலை உணவுத் தொழிற்சாலையில், நாள் முழுக்க ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நிற்கணும். ஒரு சனிக்கிழமை மாலில் நடைபாதை நடுவே போட்டிருக்கும் அழகுப் பொருள் ஸ்டால் ஒன்றில் இருந்த பெண், சும்மா நடந்து போன என்னைக் கூப்பிட்டாள். "வணக்கம் ஆன்ட்டி" என்று தமிழில்தான் ஆரம்பித்தாள். தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலோடு நடப்பீர்களா என்று கேட்டாள், எங்க ஆயாவும் நடப்பாங்க, அவங்க நகமும் இப்படித்தான் இருந்தது என்றாள். குனிந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சொந்தப் பெண் மாதிரி ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டு பேசும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

பார்த்த மாத்திரத்தில் "இது ஃபங்கஸ் ஆன்ட்டி, விட்டால் எல்லா விரலுக்கும் பரவும்" என்றாள். சின்ன மிஷினை வைத்து நகத்தின் மேல்பக்கத்தை அரைத்துத் தள்ளினாள். அப்புறம் ஒரு எண்ணெய், நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சு, பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை, மூன்றும் சேர்த்து 2,400 ரேண்ட். ஆறு வாரத்தில் புது நகம் வந்துவிடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. பெருவிரல் நகம் முழுசாகப் புதுசாக வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். ஆறு வாரத்தில் என்ன வரும்? இது நகம் பற்றித் தெரிந்த எவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அரைத்த இடம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, அந்தப் பூச்சு பட்டாலே எரிந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "அது வேலை செய்யுது ஆன்ட்டி, விடாமல் போடுங்க." மறுபடி அனுப்பினேன். "மேனேஜர் லீவு." நேரில் போனால் வேறொரு பெண், எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். சாமானைத் திருப்பித் தருகிறேன், 2,400 ரேண்டைக் கொடுங்கள் என்றால், திறந்த பாட்டிலை எடுக்க மாட்டோமாம். இப்போது மெசேஜைப் பார்த்துவிட்டு பதில்கூடப் போடுவதில்லை.

கிளினிக்கில் டாக்டர் நகத்தை வெட்டி லேபுக்கு அனுப்பினார். ஃபங்கஸ் இல்லை! கண்ணால் பார்த்து ஃபங்கஸ் என்று சொல்லிவிட முடியாது, தடித்து நிறம் மாறிய நகங்களிலேயே ஏறக்குறைய பாதிதான் ஃபங்கஸ் என்றார். காலையிலிருந்து ஈரத்தில் ஊறுவது, சாயங்காலம் காய்வது, மறுநாள் மறுபடி ஊறுவது, இதுவே நகத்தின் அடுக்குகளைப் பிரித்துவிடுமாம். இறுக்கமான பூட்ஸ் முட்டுவதும், அடிக்கடி அசிட்டோன் போட்டு பாலிஷ் எடுப்பதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கை நகமும் சேர்ந்து உரிந்தால் இரும்புச்சத்துக் குறைவா, தைராய்டா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். எனக்கும் பார்க்கலாம் என்றார், ஆனால் அந்தப் பயோட்டின் மாத்திரை ரத்தத்தில் இருந்தால் தைராய்டு சோதனை தப்பான எண்ணைக் காட்டலாமாம், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். காசையும் வாங்கிக்கொண்டு சோதனையையும் தள்ளிப்போட வைத்திருக்கிறார்கள், இதற்கு என்ன சொல்வது!

அவசரமாகச் சிலது மட்டும் எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்பணும். நகத்தின் மேல்பக்கத்தை யாரையும் அரைக்க விடாதீர்கள். ஃபார்மால்டிஹைடு என்கிற ரசாயனம் போட்ட கெட்டியாக்கும் பூச்சு போகப் போக நகத்தை நொறுங்கத்தான் வைக்கும். வேலை முடிந்ததும் காலைத் துடைத்து, விரலிடுக்கு காய்ந்த பிறகு நகத்துக்கு மட்டும் வாசலின் தடவுங்கள், நகத்தை நேராக வெட்டுங்கள், சாக்ஸை மாற்றுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை எவர் மடியிலும் வைக்காதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. அவர்களாக வந்து கூப்பிட்டு விற்றால், 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 5 வேலை நாளுக்குள் எழுத்தில் சொல்லி ரத்து பண்ணலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். எனக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, அந்த 2,400 ரேண்டுக்கு இப்போது புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாங்கி இன்னும் 5 வேலை நாள் ஆகவில்லை என்றால் இன்றைக்கே எழுதுங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.